தெரிந்தே எடுத்த லெவல்

பாலத்தின் நடுவில் நான் செத்துக் கிடந்தேன். அன்று மாலை மட்டும் அது மூன்றாவது சாவு. இந்த விளையாட்டில் செத்ததும் திரை சாம்பல் நிறமாகிவிடும், நம் உடம்பை நாமே மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். விளையாட்டில் என் உருவமான சில்வண்டு ஒரு கையை முகத்துக்கு அடியில் மடக்கி, மதியத்தில் அசந்து தூங்குகிறவளைப் போலக் குப்புறக் கிடந்தாள். அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, கல்பூதம் கேப்டனை மிதித்துக்கொண்டிருந்தது. கேப்டன் என்பது என் கணவர்; அடிபடுகிறவர்களுக்கு உயிர் ஏற்றுகிற ஹீலர் நான்.

"ஹீல் பண்ணு! ஏய், எங்க போன?"

அந்தக் குரல் முதலில் கூடத்திலிருந்து சுவரைத் தாண்டி வந்தது. கண் இமைக்கும் நேரம் கழித்து அதே குரல் என் ஹெட்செட்டுக்குள் வந்தது. அவர் கூடத்தில் பெரிய கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பார், நான் படுக்கையறையில் மடிக்கணினியோடு. நடுவில் ஒரு சுவரும், எங்கேயோ இருக்கிற ஒரு சர்வரும். ஒரே திட்டை இரண்டு தடவை வாங்குகிற பாக்கியம் எத்தனை பெண்டாட்டிகளுக்குக் கிடைத்திருக்கும் என்று தெரியவில்லை.

"செத்துட்டேங்க."

"மறுபடியுமா?" இதுவும் இரண்டு தடவை.

டாக்டர் சிரித்தார். அவர் என் கணவரோடு பள்ளியில் படித்தவர். நிஜத்தில் மாட்டு டாக்டர், விளையாட்டில் நெருப்பு வீசுகிற மந்திரவாதி. நாலாவது ஆள் குட்டை, வில்லாளி. ஆள் நல்ல உயரம் என்பதால் பள்ளியில் அந்தப் பெயர் வைத்தார்களாம். அந்த வயதில் அதுதான் பெரிய நகைச்சுவை. மூன்று பேரும் பல வருடமாகச் சேர்ந்து ஆடுகிறவர்கள்.

"விடுடா, தங்கச்சி புதுசுதானே" என்றார் டாக்டர்.

அந்தப் 'புதுசு' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஆட வந்து மாதக்கணக்காகிறது. கல்யாணமாகி வந்த வீட்டில்கூட என்னை இத்தனை நாள் யாரும் புதுசு என்று சொல்லவில்லை.

"புதுசுங்கறது பிரச்சனை இல்லடா. அந்த ரெண்டு திருட்டு லெவல்தான் பிரச்சனை. அது ரெண்டையும் ஹீலர்லயே போட்டிருந்தா இந்நேரம் எழுப்புற மந்திரம் கையில இருந்திருக்கும். சொன்னா கேட்டாத்தானே" என்றார் என் கணவர்.

அதற்குள் கல்பூதம் அவரையும் மிதித்து முடித்துவிட்டது. பாலத்தைத் தாண்டினால் கோட்டை. அந்தக் கோட்டைக்குள் கால் வைக்க நாங்கள் பல வாரமாக முட்டிக்கொண்டிருந்தோம். இன்னொரு முறை முயலலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது டாக்டருக்கு அழைப்பு வந்தது, ஏதோ பசு கன்று போட முடியாமல் திணறுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள். நான் ஹெட்செட்டைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தேன்.

நான் ஏன் இந்த வம்பில் மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை கண்ணாடிக் கடையில். முன்னால் நின்று ஃபிரேம் விற்கிற வேலை இல்லை. பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைக்கிற வேலை. கடையடைத்து வீடு வரும்போது ஏழு தாண்டிவிடும். அவர் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஆறு மணிக்கே வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். நான் கதவைத் திறந்தால் திரும்பிப் பார்த்துத் தலையசைப்பார், அவ்வளவுதான். எங்களுக்குக் குழந்தை இல்லை, சண்டையும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது எனக்குக் கேட்பதெல்லாம் அவர் வேறு இரண்டு ஆண்களோடு விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். என்னோடு அவர் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று. அவர்களுடைய பழைய ஹீலருக்கு இரட்டைக் குழந்தை பிறந்து ஆட்டத்தை விட்டுப் போனபோது, நான் வரட்டுமா என்று கேட்டேன். அவருக்கு வாயெல்லாம் பல்.

அன்றே எனக்கொரு கணக்கு தொடங்கினார், அவருடைய மின்னஞ்சலில், அவர் வைத்த கடவுச்சொல்லில். பெண், வெள்ளை அங்கி, ஹீலர் என்று எல்லாவற்றையும் அவரே தேர்ந்தெடுத்தார். பெயரை மட்டும் என்னிடம் கேட்டார். சில்வண்டு என்றேன். "என் பின்னாடியே வா. நான் சிவப்பானா இந்தப் பட்டனை அமுக்கு. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்றார்.

அப்படியே செய்தேன். காடு, மலை, குகை என்று எங்கெங்கோ போனோம். நான் பார்த்ததெல்லாம் அவருடைய இரும்புக் கவசம் போட்ட முதுகு. அது சிவந்தால் பட்டனை அமுக்குவேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து எட்டு வருடமாகப் பார்க்கிற அதே முதுகு. போகிற வழியெல்லாம் பூட்டிய கதவுகள். "உள்ள என்ன இருக்கும்?" என்று கேட்பேன். "அது திருடங்களுக்குத்தான் திறக்கும், நமக்கு வேண்டாம், வா வா" என்பார். நான்கு பேரும் ஓடிக்கொண்டே இருப்போம்.

ஒருநாள் லெவல் ஏறியபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். திரையில் பெட்டி ஒன்று விரிந்தது: ஹீலரைத் தொடர்க. அதற்குக் கீழே, யாரும் கவனிக்கக் கூடாது என்பது போலச் சின்னதாக ஒரு கூட்டல் குறி. அதை அமுக்கினேன். போர்வீரன், வில்லாளி, மந்திரவாதி, திருடன் என்று பன்னிரண்டு தொழில்கள் வரிசையாக வந்து நின்றன. ஆக, ஹீலராகப் பிறந்தவள் ஹீலராகவே சாக வேண்டியதில்லை! இத்தனை நாள் இதை யாருமே என்னிடம் சொல்லவில்லை. திருடியை எடுத்தேன். கை நடுங்கியது என்றால் சிரிப்பீர்கள், ஆனால் நடுங்கியது.

பக்கத்திலிருந்த ஒரு பாழடைந்த வீட்டுக்கு ஓடிப் பூட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு மேசை, இரண்டு தட்டு, கால் உடைந்த நாற்காலி. புதையல் கிதையல் ஒன்றும் இல்லை. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் சில்வண்டை நிற்க வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தலை துவட்டிக்கொண்டு வந்தவர் திரையைப் பார்த்ததும் துண்டை அப்படியே தோளில் விட்டுவிட்டார். "ஏய், என்ன பண்ணி வச்சிருக்க?" அதன் பிறகு அரை மணி நேரம் வகுப்பு. இதற்குப் பெயர் மல்டிகிளாஸ். தெரிந்தவர்கள்தான் இதைத் தொட வேண்டும். ஒரு தொழிலில் போடுகிற லெவல் இன்னொன்றிலிருந்து பிடுங்குகிற லெவல். மொத்தமே பத்துதான் கொடுப்பான். ஹீலரில் ஏழாவது லெவல் வந்தால்தான் செத்தவனை எழுப்புகிற மந்திரம் வரும். நான் இப்போது அதைத் தள்ளிப் போட்டுவிட்டேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த முறையும் திருடியையே எடுத்தேன், பாதி ஆசையில், பாதி வீம்பில்.

வீம்புக்கு எடுத்தது வீம்பாகவே வேலை செய்தது. திருடிக்குக் கைவேகம் வேண்டும் என்று புள்ளிகளை அதில் போட்டேன். ஹீலருக்கு வேண்டிய ஞானத்தில் குறைந்துவிட்டது, நான் கொடுக்கிற உயிர் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறியது. பதுங்கி நடக்கலாம் என்று போட்டிருந்தது. ஆனால் ஹீலர் அணிகிற உலோக மார்புக்கவசம் இருந்தால் பதுங்க முடியாது என்பதை லெவலை எடுத்த பிறகுதான் படித்தேன். கவசத்தைக் கழற்றினால் ஒரே அடியில் சாவு. இணையத்தில் பார்த்தால் ஆளாளுக்குப் பேசுகிறார்கள்; ஒருவரும் மூச்சு விட்டுப் பேசுவதில்லை. ஐந்து நிமிடக் காணொளியில் முப்பது சுருக்கெழுத்து. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேள்வி கேட்டு ஒரு குழுவில் எழுதினேன். 'இந்தப் பெண்ணை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு' என்று ஒருவன் பதில் போட்டான். அதற்கு நாற்பது பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். எனக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை.

பாலத்தில் மூன்று முறை செத்ததற்கு மறுநாள், கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். புதிதாகப் போட்ட கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"படி இறங்கினா தரை மிதக்குதும்மா. ஓரத்துல பாத்தா எல்லாம் வளைஞ்சு தெரியுது."

தூரம், நடுத்தூரம், படிப்பு மூன்றும் ஒரே கண்ணாடியில் இருக்கிற லென்ஸ் அது. நான் வெளியே வந்து தினமும் சொல்கிறதையே சொன்னேன்: "அது அப்படித்தாங்க இருக்கும். எல்லாத் தூரமும் ஒரே கண்ணாடியில வேணும்னா ஓரத்தைக் கொடுத்துத்தான் ஆகணும். கண்ணை ஓட்டாதீங்க, தலையைத் திருப்பிப் பாருங்க. பழகிடும்."

"பழகாட்டி?"

"பழகாட்டி ரெண்டு கண்ணாடியா வச்சுக்கலாம். மாத்தி மாத்திப் போடணும்."

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழுத்தை இடமும் வலமும் திருப்பியபடி வாசல் படியை முறைத்தார். "இதையே வச்சுக்கறேன். நான்தானே கேட்டு வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு, காலால் துழாவித் துழாவி இறங்கிப் போனார். நான் பின்னறைக்குத் திரும்பி மெஷினை ஓட விட்டேன். தண்ணீர் கொட்டக் கொட்ட லென்ஸ் தேயும்போது வேறு ஒன்றும் காதில் விழாது, யோசிக்க நல்ல இடம் அது.

எல்லாவற்றையும் அவர் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அங்கேதான் உறைத்தது. விழுந்த பிறகு எழுப்பும் மந்திரம் என்னிடம் இல்லை, சரி. விழாமலே பார்த்துக்கொண்டால் என்ன? அவர் ஏன் விழுகிறார்? எனக்கு எட்டாத தூரத்துக்குப் போய் அடி வாங்குகிறார். நான் ஏன் சாகிறேன்? அவரைத் தொட ஓடும்போது பூதம் என்னைப் பார்த்துவிடுகிறது. அது என்னைப் பார்க்காவிட்டால்? திருடிக்கு மூன்றாவது லெவலில் நிழல்நடை என்று ஒன்று வரும்: ஒரு காரியத்தைச் செய்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் விலகலாம். பாலத்தில் தூண்கள் இருந்தன. தோல் சட்டை போட்டால் பதுங்கலாம். தூணிலிருந்து ஓடி, தொட்டு உயிர் ஏற்றி, மறுபடி தூணுக்கு. சொட்டுதான் ஏறும், ஆனால் விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கலாம்.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. அவர் அலுவலகம் போனதும் மடிக்கணினியைத் திறந்து, தனியாகப் பன்றி, ஓநாய், வழிப்பறிக்காரன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடித்து எட்டாவது லெவலுக்கு ஏறினேன். மூன்றாவது திருடி லெவலை எடுத்தேன். இந்த முறை ஆசையிலும் இல்லை, வீம்பிலும் இல்லை, தெரிந்தே எடுத்தேன். பிறகு காவல் சாவடிக்குப் போய், அங்கே யாரோ ஒரு கூட்டம் சண்டை போட்டுக்கொண்டிருந்ததற்குள் நுழைந்து முயன்றேன். முதலில் சொதப்பியது. தூணை விட்டு ஒரு நொடி முன்னால் கிளம்பினால் கண்ணில் படுகிறேன், ஒரு நொடி பிந்தினால் அடிபட்டவன் விழுகிறான். பல்லைக் கடித்துக்கொண்டு மதியம் வரை ஆடினேன். கடைசியில் பிடிபட்டது. முன்பின் தெரியாத ஒரு போர்வீரன் சுற்றிலும் ஆள் நிற்க, விழாமல் நின்றான். உயிர் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கே விளங்கவில்லை. சண்டை முடிந்ததும் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். யாருமில்லாத வீட்டில் வாய்விட்டுச் சிரித்தேன்.

அவரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் எல்லோர் முன்னாலும் செய்து காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். தோற்றாலும் பரவாயில்லை, தோற்றது என் யோசனையாக இருக்கும். இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரியாத ஒன்றை நான் அவருக்குக் காட்டியதே இல்லை. வியாழனும் வெள்ளியும் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்று இருந்தது.

"என்ன, தனியா சிரிக்கிற?" என்று கேட்டார்.

"சும்மாதான்."

ஞாயிறு எனக்கு அரை நாள் வேலை. வீட்டுக்கு வரும்போது அவர் எனக்கும் டீ போட்டு மூடி வைத்திருந்தார். முகத்தில் என்னைவிடப் பெரிய குறுகுறுப்பு. "சீக்கிரம் வா, சீக்கிரம் வா" என்று அவசரப்படுத்தினார். படுக்கையறையில் உட்கார்ந்து, டீயை ஒரு வாய் குடித்துவிட்டு உள்ளே நுழைந்தேன்.

சில்வண்டு பாலத்தின் முன்னால் நின்றாள். பளபளவென்று வெள்ளி மார்புக்கவசம். தலைக்கு மேல் வட்டமாக ஓர் ஒளி. ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுடைய விவரப் பக்கத்தைத் திறந்தேன். ஹீலர், எட்டு. அவ்வளவுதான். கீழே வேறு வரியே இல்லை. பையைத் திறந்து பார்த்தேன். தோல் சட்டையும் இல்லை, பூட்டுத் திறக்கிற கம்பிகளும் இல்லை.

"பாத்தியா?" கூடத்திலிருந்து ஒன்று, காதில் ஒன்று.

"என்னங்க இது?"

"ரீசெட் பண்ணிட்டேன். காலையில நீ கடைக்குப் போனதும் உட்கார்ந்தேன். நீ தெரியாம மூணாவதையும் திருட்டுலயே போட்டு வச்சிருந்த. நல்லவேளை நான் பாத்தேன்."

"சந்திரக்கல் வேணுமேடா அதுக்கு?" என்று கேட்டார் குட்டை.

"வச்சிருந்தேன்ல, வாளுக்கு. அதைப் போட்டுட்டேன்."

"அடப்பாவி, ஆறு மாசம் சேத்தியேடா!" என்றார் டாக்டர். "தங்கச்சி, குடுத்து வச்சவம்மா நீ."

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். 'நிறுத்துங்க' என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் மூன்று பேரும் அதற்குள் பாலத்தில் ஏறிவிட்டார்கள். பழக்க தோஷம், நானும் அந்த முதுகுக்குப் பின்னால் ஓடினேன்.

கல்பூதம் எழுந்தது. முதுகு சிவந்தது; பட்டனை அமுக்கினேன். சொட்டுச் சொட்டாக அல்ல, குடம் குடமாக ஏறியது. மறுபடி சிவந்தது, அமுக்கினேன். என் தூண்கள் அங்கேயே இருந்தன. இந்தக் கவசத்தோடு அவற்றுக்குப் பின்னால் போய் நின்றாலும் பிரயோசனம் இல்லை. நடுவில் அவர் ஒருமுறை விழுந்தார். புது மந்திரத்தை அமுக்கினேன். ஒளி இறங்கியது, எழுந்து நின்றார். டாக்டரின் நெருப்பில் பூதம் பொடிப்பொடியாக உதிர்ந்து ஆற்றில் விழுந்தது. கோட்டைக் கதவு திறந்தது.

ஹெட்செட்டுக்குள் மூன்று பேரும் கூத்தாடினார்கள். "இப்ப பாரு, எவ்வளவு ஈஸி!" என்றார் என் கணவர். "சில்வண்டுதான் இன்னைக்கு ஹீரோ" என்றார் குட்டை. பல வாரமாக முட்டியதை முதல் முயற்சியிலேயே முடித்துவிட்டோம். அது ஜெயிக்காமல் போயிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் மடிக்கணினியை மூடினேன். கொஞ்ச நேரத்தில் அவர் அறை வாசலுக்கு வந்தார், ஹெட்செட் கழுத்தில் தொங்க.

"நெட் போயிடுச்சா?"

"நான்தான் மூடினேன்."

"ஏன்? நாம ஜெயிச்சிட்டோம்மா."

"நீங்க ஜெயிச்சீங்க. நான் பட்டன் அமுக்கினேன்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் பாதியில் நின்றது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "உனக்குப் பிடிக்கும்னு நினைச்சேன். நீ தினமும் செத்துச் செத்து அழற மாதிரி உட்கார்ந்திருக்க. எனக்குக் கஷ்டமா இருந்துச்சு."

"மூணாவது லெவலை நான் தெரியாம எடுக்கலைங்க."

"அப்புறம்?"

"தெரிஞ்சுதான் எடுத்தேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அப்படியும் ஒன்று இருக்க முடியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தோன்றியது போல இருந்தது. நான் தூண்களைச் சொன்னேன், தோல் சட்டையைச் சொன்னேன், சாவடியில் விழாமல் நின்றவனைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துகொண்டே போனது. வாயால் சொல்லும்போது அது ஒன்றும் பெரிதாக இல்லை, சின்னப்பிள்ளை விளையாட்டாக இருந்தது. அது வேறு எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு யோசித்தார். "நல்லாத்தான் யோசிச்சிருக்க" என்றார். பிறகு, "ஆனா பூதத்தோட மூணாவது கட்டத்துல அது தூணை உடைச்சிடும். அப்ப நீ எங்க பதுங்குவ?" என்றார்.

எனக்கு அது தெரியாது. இன்றைக்கு முன்னால் நாங்கள் மூன்றாவது கட்டம் வரை போனதே இல்லை; இன்றும் நான் பார்த்தது அவர் முதுகைத்தான்.

"சரி, விடு. இன்னொரு சந்திரக்கல் தேடி, நீ சொன்ன மாதிரியே நான் மாத்தித் தரேன்."

"நீங்க ஒண்ணும் மாத்தித் தர வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அவ உங்களோட இருக்கட்டும். உங்க மெயில், உங்க பாஸ்வேர்டு, உங்க கல்லு. நீங்களே வச்சுக்குங்க."

"விளையாட்டுக்குப் போயி இப்படியா…"

"விளையாட்டுல கூடவா?" என்றேன்.

அவர் கூடத்துக்குப் போய்விட்டார். டீயை மூடி வைத்திருந்த தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

அடுத்து வந்த நாட்களில் அவர்கள் கோட்டைக்குள் ஓர் ஆள் குறைவாகப் போய், செத்துச் செத்துத் திரும்பினார்கள். அது எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. என்னை அவர் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. புதன்கிழமை என் மின்னஞ்சலில் ஒரு கணக்கு தொடங்கி, திருடி ஒருத்தியை உருவாக்கினேன். இந்த முறை பெயர் வைக்கவே அவ்வளவு நேரமாயிற்று. அவளை எடுத்துக்கொண்டு முதல் நாள் எல்லோரையும் கொண்டுபோய் விடுகிற அந்தப் புல்வெளியில் நின்றேன். எலிகள் என்னைக் கடித்தே கொன்றன. ஹீலராக அவர் முதுகுக்குப் பின்னால் வந்தபோது இந்த எலிகளை நான் பார்த்தே இல்லை. நாலு லெவல் ஏற ஒரு வாரம் பிடித்தது. திட்ட ஆள் இல்லாததால் நானே என்னைத் திட்டிக்கொண்டேன், வாய்க்கு வந்தபடி.

ஒரு மாலை நான் அந்த நாலாவது லெவலில் நின்றுகொண்டிருந்தபோது அவர் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்தார். கூடத்தில் கணினி அணைந்திருந்தது.

"நான் பாக்கட்டுமா?"

"பேசக் கூடாது."

"பேசல."

பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். என் முழங்கையும் அவர் முழங்கையும் ஒரே மேசையில். திரையில் பெட்டி விரிந்திருந்தது. கூட்டல் குறியை அமுக்கினேன். பன்னிரண்டு தொழில்கள் வரிசையாக நின்றன. திருடியாகவே தொடரலாம், அது நிச்சயம். ஆனால் கடைசி வரிசையில் மிருகங்களோடு பேசுகிறவள் என்று ஒருத்தி இருந்தாள், அவளைத் திருடியோடு சேர்த்தவர்கள் யாரும் உண்டா என்று தேடிப் பார்த்திருந்தேன், ஒருவரும் இல்லை. யாருக்கும் தோன்றவில்லையா, இல்லை தோன்றியும் வேண்டாம் என்று விட்டார்களா என்பது தெரியவில்லை. இரண்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. சொல்ல வந்ததை விழுங்குகிற சத்தமும் கேட்டது. நான் அவரைப் பார்க்கவில்லை. மவுஸை நகர்த்தி, அம்புக்குறியை அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அம்பு திரையில் கிடுகிடுவென்று ஆடியது.

"காலை ஆட்டாதீங்க. மேசை ஆடுது."

"நான் ஆட்டலையே" என்றார் அவர், முதல் தடவையாக வாய் திறந்து.

குனிந்து பார்த்தேன். அவர் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் ஒன்றோடொன்று பின்னி, அசையாமல் வைத்திருந்தார். நிமிர்ந்தேன். அம்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.